டிங்: ஒரு சொல்லின் பின்னால் ஏழு நாள்

நாள் 1. சனிக்கிழமை, ஒஸ்லோ

காலை ஒன்பது மணிக்கு நானும் மகளும் ஹாம்புரோ சதுக்கத்தில் நின்றோம். நீதிமன்றக் கதவு பூட்டிக் கிடந்தது. இருபது வருடத்துக்கு மேலாக இந்தக் கதவால் போய் வருகிறேன். தமிழர் யாராவது சாட்சி சொல்ல வந்தாலும், வாடகைப் பிணக்கு, பிள்ளைப் பராமரிப்பு என்று வந்தாலும், அவர்களுக்கும் நீதிபதிக்கும் நடுவில் இருந்து மொழிபெயர்ப்பது என் வேலை. இன்று வேலை இல்லை. இந்தக் கட்டடத்தின் பெயர்தான் எங்களை இங்கே கூட்டி வந்தது. டிங்ஹூஸ்.

மகளுக்கு ஏழு வயது இருக்கும்போது ஒருநாள் கேட்டாள்: "அப்பா, நீங்கள் வேலை செய்யிறது சாமான் வீட்டிலயோ?" நோர்வேஜிய மொழியில் டிங் என்றால் சாமான், ஹூஸ் என்றால் வீடு. பிள்ளை சரியாகத்தான் கூட்டிப் பார்த்திருக்கிறாள். "இல்லைப் பிள்ளை, அது வேற டிங்" என்று அன்றைக்குச் சொல்லி முடித்தேன். அது வேறு டிங் இல்லை, இரண்டும் ஒரே சொல் என்று எனக்குத் தெரியவந்தபோது அவள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். இந்தக் கோடை விடுமுறையில் ஏழு நாள் ஒதுக்கி, அந்தச் சொல் வாழ்ந்த இடங்களைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவது என்று இருவரும் கிளம்பியிருக்கிறோம்.

கதை இதுதான். இன்றைய வடநாட்டு மொழிகளுக்குத் தாயான பழைய நோர்ஸ் மொழியில் 'திங்' என்றால் கூட்டம். வழக்குத் தீர்க்கவும், சட்டம் சொல்லவும், சண்டையை நிறுத்தவும், ஒரு பிரதேசத்தின் சுதந்திர ஆண்கள் குறித்த நாளில் குறித்த இடத்தில் கூடினார்கள். அதற்கும் முன்னால் அந்த வேர் காலத்தைக் குறித்திருக்கலாம் என்பது மொழியறிஞர் கருத்து. செத்துப்போன பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கில் அதன் உறவுச் சொல்லுக்குக் காலம் என்று பொருள். குறித்த காலம், பிறகு அந்தக் காலத்தில் கூடும் கூட்டம், பிறகு கூட்டத்தில் எடுக்கும் விவகாரம், பிறகு எந்த விவகாரமும், கடைசியில் மேசை நாற்காலி சட்டி பானை எல்லாம். ஆங்கிலத்தின் 'திங்', ஜெர்மனின் 'டிங்' இரண்டும் இதே வழியால்தான் வந்தன. அவற்றில் கூட்டம் என்ற பொருள் அன்றாடப் பேச்சிலிருந்து போய்விட்டது. இந்த வடநாடுகளில் மட்டும் சாமானும் கூட்டமும் இன்றைக்கும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன.

என் தொழிலில் அந்தச் சொல் எங்கும் கிடக்கிறது. முதல்நிலை நீதிமன்றத்துக்கு டிங்ரெட் என்று பெயர். 2002-இல்தான் நாடு முழுவதும் அந்தப் பெயர் வந்தது, ஆனால் சொல் ஆயிரம் வருடப் பழையது. மேன்முறையீட்டு நீதிமன்றங்களின் பெயர்களைப் பாருங்கள்: குலாடிங், புரொஸ்டாடிங், போர்கார்டிங், ஐட்சிவாடிங். நான்கும் மத்தியகால நோர்வேயின் பெருங்கூட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்தச் சட்டம் இருந்தது. 1274-இல் மாக்னுஸ் அரசர் நாட்டுக்கு ஒரே சட்டம் கொண்டுவந்த பிறகும் பெயர்கள் சாகவில்லை.

வீடு வாங்கியவர்களுக்கு இன்னொரு சொல் தெரியும்: டிங்லீஸ்னிங். உறுதி எழுதிப் பதிவு செய்வதற்கு இங்கே அதுதான் பெயர். நாங்கள் குரோருத்தாலில் வீடு வாங்கியபோது அந்தப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தேன். சொல்லைப் பிரித்தால் 'கூட்டத்தில் அறிவித்தல்'. இன்ன காணி இன்னாருக்குக் கைமாறுகிறது என்று ஊர் கூடிய இடத்தில் உரத்துச் சொன்னால்தான் அது செல்லும். இப்போது அந்த வேலையை நாட்டின் நில அளவைத் திணைக்களம் கணினியில் செய்கிறது. யாரும் உரத்துச் சொல்வதில்லை. பெயரில் மட்டும் இன்னும் குரல் கேட்கிறது.

மத்தியானம் கார்ல் யோஹான் வீதியால் நடந்து நாடாளுமன்றத்துக்கு முன்னால் வந்தோம். ஸ்டூர்டிங், அதாவது பெருங்கூட்டம். மஞ்சள் செங்கல், முன்பக்கம் வட்டமாகப் பிதுங்கிய கட்டடம், 1866-இல் திறந்தது. 169 பேர் உள்ளே இருக்கிறார்கள். வாசல் மேட்டில் இரண்டு கல் சிங்கம். அவற்றைச் செதுக்கியது ஆக்கெர்ஸ்ஹூஸ் கோட்டைச் சிறைக் கைதிகள். குற்றவாளிக் கூண்டுக்குப் பக்கத்தில் இருந்து இத்தனை வருடம் மொழிபெயர்த்த எனக்கு அந்தச் சிங்கங்கள்மேல் தனி மரியாதை. 2021-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு பெண், கம்சாயினி குணரத்தினம், இந்தச் சபைக்குத் தெரிவானார். அன்றிரவு எங்கள் வீட்டில் நித்திரை கொள்ளாமல் முடிவு பார்த்துக்கொண்டு இருந்தோம்.

பின்னேரம் கப்பல். மேல்தட்டில் நிற்கும்போது பியோர்ட் என்கிற ஒடுங்கிய கடல் இரு பக்கமும் விலகிக்கொண்டே போனது.

நாள் 2. ஞாயிறு, கொப்பன்ஹேகன்

கிறிஸ்டியான்ஸ்போர்க் மாளிகை ஒரு சின்னத் தீவில் நிற்கிறது. நாடாளுமன்றம், பிரதமர் அலுவலகம், உச்ச நீதிமன்றம் மூன்றும் ஒரே கட்டடத்துக்குள். இதற்கு முன் இதே இடத்தில் இருந்த இரண்டு மாளிகைகள் 1794-இலும் 1884-இலும் எரிந்துபோயின. கோபுரத்தில் ஏறினால் நகரம் முழுக்கத் தெரியும். 106 மீற்றர், ஏறக் கட்டணம் இல்லை.

இங்கே சபையின் பெயர் ஃபொல்கெடிங், மக்கள் கூட்டம். 1849 அரசியலமைப்பு இரண்டு சபை வைத்தது. ஒன்று ஃபொல்கெடிங், மற்றது லான்ஸ்டிங். 1953-இல் லான்ஸ்டிங்கை எடுத்துவிட்டார்கள். மிஞ்சிய சபையில் 179 பேர், அதில் இருவர் பரோ தீவிலிருந்து, இருவர் கிறீன்லாந்திலிருந்து. பரோ தீவுக்காரருக்குச் சொந்தச் சபையும் உண்டு. அது லெக்டிங், சட்டக் கூட்டம். அவர்களுடைய தலைநகரில் அது கூடிய பாறை முனைக்குப் பெயர் டிங்கனேஸ், கூட்ட முனை.

கோபுரத்தின் உச்சியில் மகள் ஒன்றைக் கவனித்தாள். டேனிஷிலும் நோர்வேஜியத்திலும் பெயர்ச்சொல்லுக்குப் பால் உண்டு. 'என் டிங்' என்றால் ஒரு சாமான். 'எட் டிங்' என்றால் ஒரு சபை. வித்தியாசம் முன்னால் வரும் அந்த ஒரு சின்ன எழுத்தில். சொல்லின் கடைசியில் சேர்க்கும்போது 'டிங்கன்', 'டிங்கெட்' என்று பிரியும். புதிதாக மொழி படிக்கிற எங்கள் ஆட்கள் பாலைத் தப்பாகச் சொன்னால் யாரும் கண்டுகொள்வதில்லை. இங்கே மட்டும் பால் மாறினால் நாடாளுமன்றம் சாமானாகிவிடும்.

அதைவிட எனக்குப் பிடித்தது 'அல்டிங்'. டேனிஷில் அல்டிங் என்றால் எல்லாம். 'இங்கன்டிங்' என்றால் ஒன்றுமில்லை. 1987-இல் நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில் ஒரு மீன் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தபோது நான் பழகிய முதல் சொற்களில் ஒன்று அது. மேற்பார்வையாளர் ஏதாவது கேட்பார், நாங்கள் 'இங்கன்டிங்' என்போம். இனி ஐஸ்லாந்து நாடாளுமன்றத்தின் பெயரைப் பாருங்கள். அல்திங்கி. எல்லாருக்குமான கூட்டம். 'எல்லாம்' என்று வீட்டில் சொல்கிற சொல்லும் ஒரு நாட்டின் பேரவையும் எழுத்துக்கு எழுத்து ஒரே கட்டு. அதைப் பார்க்கத்தான் கடைசி நாளில் போகிறோம்.

நடந்து நீதோர்வ் சதுக்கத்துக்கு வந்தோம். அங்கே பழைய நீதிமன்றம், முன்னால் பெரிய தூண்கள், 1815-இல் கட்டி முடித்தது. தூண்களுக்கு மேலே கல்லில் ஒரு வரி: சட்டத்தால் நாட்டைக் கட்ட வேண்டும். 1241-இல் எழுதிய யூலாந்துச் சட்டத்தின் முகவுரை அப்படித் தொடங்குகிறது. நோர்வேயின் புரொஸ்டாடிங் சட்டத்திலும், சுவீடனின் உப்லாந்துச் சட்டத்திலும், ஐஸ்லாந்தின் நியால் கதையிலும் அதே வாக்கியம் கொஞ்சம் கொஞ்சம் மாறி வருகிறது. யார் முதலில் சொன்னது என்று தேடத் தேவையில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் வாய்வழி போன வாக்கியம் என்றே எடுத்துக்கொள்கிறேன். அதில் வரும் 'லோவ்' என்ற சொல்லின் பழைய உருவத்தை வைக்கிங்குகள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கிலத்தில் சட்டத்துக்கு இருக்கிற சொல் அதுதான். 'இடப்பட்டது', 'வைக்கப்பட்டது' என்பது அதன் அடிப் பொருள்.

நாள் 3. திங்கள், ரயிலில்

கொப்பன்ஹேகனிலிருந்து ஸ்டொக்ஹோமுக்கு ஐந்து மணிநேரத்துக்கு மேல். 2000-இல் திறந்த எரசுண்ட் பாலத்தைத் தாண்டினால் சுவீடன். பிறகு காடு, ஏரி, காடு.

பருத்தித்துறையிலிருந்து அம்மா அழைத்தா. எடுத்த எடுப்பில் வழக்கமான கேள்வி: "என்ன சங்கதி?" பேசி முடித்து வைத்த பிறகு மகள் கேட்டாள். "அப்பம்மா ஒவ்வொரு நாளும் கேக்கிறா. சங்கதி எண்டா நியூஸோ?"

செய்தி, விஷயம், விவகாரம் என்று விளக்கத் தொடங்கினேன், பாதியில் நிறுத்திவிட்டேன். சங்கதி சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொல். அங்கே அதற்குக் கூடி வருதல், சந்திப்பு என்று பொருள். கூடி வருதல் என்பதிலிருந்து விஷயம் என்பதற்கு வந்திருக்கிறது. டிங் நடந்த அதே பாதை! இத்தனை நாள் அம்மாவின் வாயில் இருந்த சொல்லை நான் கவனிக்கவே இல்லை. பெட்டிக்குள் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரத்துச் சொல்லிவிட்டேன்.

பிறகு வரும் வழியெல்லாம் இதுதான் பேச்சு. இலத்தீனில் 'கௌசா' என்றால் வழக்கு. அதிலிருந்துதான் இத்தாலியரின் 'கோசா', பிரெஞ்சுக்காரரின் 'ஷோஸ்', இரண்டுக்கும் பொருள் சாமான். நோர்வேஜியத்தில் 'சாக்' என்றால் வழக்கு, விஷயம் இரண்டும். நீதிமன்றத்தில் அதை வழக்கு என்று மொழிபெயர்க்கிறேன், வீட்டில் விஷயம் என்கிறேன். அலுமாரியை ஒதுக்கச் சொல்லும்போது நோர்வேக்காரர் 'சாக்கெர் ஓ டிங்' என்பார்கள், சாமான் சட்டு என்கிற மாதிரி. வேரைப் பார்த்தால் 'வழக்குகளும் கூட்டங்களும்'.

இன்னொன்று. தண்டனை சொல்லும்போது நீதிபதி 'பெடிங்கெட்' என்பார். அதை ஒத்திவைத்த சிறைத்தண்டனை என்று மொழிபெயர்ப்பேன். ஆள் திரும்பக் குற்றம் செய்யாவிட்டால் உள்ளே போகத் தேவையில்லை. அந்தச் சொல் கீழ் ஜெர்மனிலிருந்து வந்தது. நிபந்தனை பேசுவது என்ற பொருள், நடுவில் அதே டிங். அந்த ஒரு சொல்லைத் தமிழில் கேட்டதும் பெற்றோர் முகத்தில் வருகிற மாற்றத்தை நான் பல தடவை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

நாள் 4. செவ்வாய், வல்லென்டூனா

செவ்வாய்க்கிழமைக்கு சுவீடிஷில் டீஸ்டாக், டீர் என்ற தெய்வத்தின் நாள். ஜெர்மன்காரர் டீன்ஸ்டாக் என்கிறார்கள். அதில் இருப்பது நம்முடைய திங். பிரிட்டனில் ஹேட்ரியன் மதிலருகே ரோமப் படையில் இருந்த ஜெர்மானியப் போர்வீரர் நிறுத்திய பலிபீடம் ஒன்றில் 'மார்ஸ் திங்சுஸ்' என்று வெட்டியிருக்கிறது. கூட்டத்தின் தெய்வமான செவ்வாய். இந்தச் சொல்லை எழுத்தில் பார்க்கக் கிடைக்கிற மிகப் பழைய இடங்களில் அதுவும் ஒன்று.

ஸ்டொக்ஹோம் கிழக்கு நிலையத்தில் ரொஸ்லாக்ஸ்பானன் என்ற சின்ன ரயில். ஒடுக்கத் தண்டவாளம், 891 மில்லிமீற்றர். வல்லென்டூனாவில் இறங்கி முதலில் பாதை பிழைத்து, திரும்ப வந்து, ஒரு வயல் ஓரத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தோம். ஆர்க்கெல்ஸ் டிங்ஸ்டாட். கவிந்த மரங்கள், புல்லில் சதுரமாகப் பதித்த கற்கள், ரூன் என்ற பழைய வடநாட்டு எழுத்து வெட்டிய இரண்டு உயர்ந்த கல். எங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

நான் கல்லுக்கு முன்னால் குந்தி இருந்தேன். செதுக்கிய கோடுகளுக்கு எழுத்து தெரியச் சிவப்பு மை பூசியிருக்கிறார்கள். பாம்பு மாதிரி வளைகிற பட்டைக்குள் எழுத்துகள் போகின்றன. நாங்கள் தேடியது 'திங்' என்ற சொல்லின் முதல் ஒலிக்கான ஒரே ஒரு எழுத்தை. நேராக ஒரு கோடு, அதன் நடுவில் ஒரு பக்கம் மட்டும் முள் மாதிரி ஒரு மேடு. மகள்தான் முதலில் கண்டாள். விரலைத் தொடாமல் அருகில் பிடித்து வாசித்தாள்: திங்ஸ்டாட். கூட்ட இடம். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ உளி பிடித்து வெட்டிய அந்தச் சொல்லின் முன்னால் எனக்குச் சில நிமிடம் ஒன்றும் பேச வரவில்லை.

கல்லில் உள்ளது பாட்டு. பதினோராம் நூற்றாண்டு. உல்வ் என்பவரின் பிள்ளைகள் உல்வ்கெல், ஆர்க்கெல், கீ மூவரும் இங்கே கூட்ட இடம் அமைத்தார்கள், தகப்பனுக்காக மக்கள் செய்த இதைவிடப் பெரிய நினைவு இனி எதுவும் இராது என்கிறது முதல் கல். தகப்பன் செத்தால் மேடு எழுப்பலாம், கல் நடலாம். இவர்கள் ஊர் கூடிப் பேச ஓர் இடம் செய்து கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது கல்லில் கடைசி வரிகள் விதவைக்கு. கீரிட் தன் கணவனை நேசித்தாள், அதனால் அழுகையோடு அவன் பெயர் சொல்ல வைப்பாள். பிறகு ஒரே ஒரு வரி, கல் வெட்டியவன் குன்னார்.

கல்லைச் சுற்றி வந்து அந்த வரியை மகளுக்குத் திரும்பச் சொன்னேன். மொழிபெயர்க்கும்போது எனக்குக் குரல் தடுமாறுவது வழக்கமில்லை, வேலையில் அதற்கு இடமில்லை. இன்று தடுமாறியது.

ஊர்த் தேவாலயத்தில் இன்னொரு கல் இருக்கிறது. அதை நட்டவன் யார்லபாங்கே. தான் உயிரோடு இருக்கும்போதே தன் நினைவாகக் கல் நட்டான், இந்தக் கூட்ட இடத்தைச் செய்தான், இந்தப் பிரதேசம் முழுவதையும் தனியாக உடைமையாக வைத்திருந்தான் என்று எழுதிவைத்திருக்கிறான். ஆர்க்கெலுக்குப் பிந்தியவன். உல்வின் பிள்ளைகள் செய்த இடம் இருக்க, இவன் ஏன் புதிதாக ஒன்று செய்தான்? ஊர் எங்கே கூட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறவனிடம் அதிகாரம் இருக்கிறது. யார்லபாங்கேக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது. இரண்டு கல்லிலும் அதே சொல்தான். எனக்கு வேண்டியது வயல் ஓரத்துக் கல்.

நாள் 5. புதன், பழைய உப்சாலா

மூன்று பெரிய அரச புதைமேடுகள், அவற்றுக்குப் பக்கத்தில் உச்சி தட்டையான நான்காவது ஒன்று. அதன் பெயர் டிங்ஸ்ஹேகன், கூட்ட மேடு. இங்கே குளிர்காலத்தில் டிஸ்டிங் என்று கூட்டமும் சந்தையும் ஒன்றாக நடந்தன. உப்சாலாவில் பெப்ரவரிச் சந்தைக்கு இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது.

சினோரி எழுதிய அரசர் வரலாற்றில் வரும் டோர்கினியின் பேச்சு இங்கே நடந்ததாகச் சொல்வார்கள். 1018-இல் சுவீடனின் ஓலோவ் அரசன் நோர்வேயோடு சமாதானத்துக்கு மறுக்கிறான். கூட்டத்தில் சட்டத்தை வாயால் ஒப்புவிக்கிற 'சட்டம் சொல்லி'யான வயதான டோர்கினி எழும்புகிறார், கூட்டமும் எழும்புகிறது. எங்கள் சொல் கேளாவிட்டால் உன்னைக் கொல்வோம், எங்கள் முன்னோர் ஐந்து அரசர்களை நீருக்குள் தள்ளியிருக்கிறார்கள் என்கிறார். சனம் ஆயுதங்களை அடித்து ஆரவாரம் செய்கிறது. அரசன் பணிகிறான். சினோரி இதை எழுதியது இருநூறு வருடம் கழித்து, அதுவும் ஐஸ்லாந்தில் இருந்துகொண்டு. பேச்சு அப்படியே நடந்தது என்று நான் நம்பவில்லை. அரசனை ஒரு கூட்டம் இருத்தி வைக்கலாம் என்று ஐஸ்லாந்துக்காரர் விரும்பி எழுதினார்கள், அந்த விருப்பத்தை நம்புகிறேன்.

சுவீடனில் இன்றும் முதல்நிலை நீதிமன்றம் டிங்ஸ்ரெட்தான், நாடு முழுக்க 48. சாமான், கூட்டம் இரண்டுக்கும் இவர்களுக்கு ஒரே பால், 'எட் டிங்'. மகளின் கொப்பன்ஹேகன் விதி இங்கே செல்லாது.

நாள் 6. வியாழன், ரெய்க்யாவிக்

விமான நிலையத்துப் பலகையிலேயே அந்த எழுத்து நின்றது. வல்லென்டூனாக் கல்லில் பார்த்த முள். ஐஸ்லாந்துக்காரர் இலத்தீன் எழுத்துக்கு மாறியபோதும் அதை விடவில்லை. நாக்கு நுனியைப் பற்களுக்கு நடுவே வைத்து ஊதுகிற ஒலி. நோர்வே, சுவீடன், டென்மார்க் மூன்றிலும் அது மழுங்கி ட ஆகிப்போனது. அவர்களின் டிங் இங்கே இன்னும் திங். வாடகைக் காரை எடுத்துக்கொண்டு நகரத்துக்குள் வரும் வழியெல்லாம் நாங்கள் இருவரும் அந்த ஒலியைச் சொல்லிச் சொல்லிப் பழகினோம்.

அல்திங்கி இருக்கும் வீடு சிறியது. கறுப்புச் சாம்பல் கல், 1881. உள்ளே 63 பேர். முன்னால் புல்வெளியில் பிள்ளைகள் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஐஸ்லாந்தில் சொல் தன் பழைய பொருளை இறுகப் பிடித்திருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர் திங்மாதுர், கூட்டத்து ஆள். காணிப் பதிவு திங்லீசிங், எங்கள் டிங்லீஸ்னிங்கின் சகோதரி. கருத்தரங்கு மால்திங், பேச்சுக் கூட்டம். சாமானுக்கு இவர்கள் 'ஹ்லூதுர்' என்கிறார்கள், பங்கு, சீட்டு என்று பொருள்பட்ட சொல். திங் சாமானாவது 'தார்பாதிங்', தேவையான பொருள், என்பது மாதிரி ஒட்டிக்கொண்ட சில சொற்களில் மட்டும்.

நாள் 7. வெள்ளி, திங்வெட்லிர்

நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீற்றருக்குள். திங்வெட்லிர் என்றால் கூட்ட வெளிகள். இதே இரண்டு சொற்கள்தான் கப்பலேறி ஷெட்லாந்தில் டிங்வால், ஸ்கொட்லாந்தில் டிங்வோல், ஐல் ஒஃப் மான் தீவில் டின்வால்ட் என்று நிற்கின்றன. அந்தத் தீவில் ஒவ்வொரு வருடமும் யூலை மாதம் ஒரு மேட்டில் கூடி, புதிய சட்டங்களின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் மான்க்ஸ் மொழியிலும் உரத்து வாசிக்கிறார்கள். இரண்டு மொழியில் சட்டம் வாசிக்கிறதை ஒருநாள் நேரில் கேட்க வேண்டும்.

பாதை ஒரு பிளவுக்குள் இறங்குகிறது. அல்மன்னகியா, எல்லா மனிதரின் பள்ளம். ஒரு பக்கம் செங்குத்தான கறுப்பு எரிமலைப் பாறைச் சுவர், மறுபக்கம் தாழ்ந்து விழுந்த பாறை. வட அமெரிக்கத் தட்டும் ஐரோவாசியத் தட்டும் இந்தப் பக்கத்தில் வருடத்துக்குச் சில மில்லிமீற்றர் விலகிக்கொண்டிருக்கின்றன. கீழே ஒக்சாரா ஆறு, அப்பால் பெரிய ஏரி.

930-இல் இங்கேதான் அல்திங்கி தொடங்கியது. ஜூன் மாதத்தில் இரண்டு வாரம். தீவின் மூலை முடுக்கிலிருந்து குதிரையில் வருவார்கள், தூரத்துக்காரருக்குப் பயணமே இரண்டு வாரத்துக்கு மேல். கல்லும் புல்லும் அடுக்கிய சுவருக்கு மேல் துணி இழுத்துக் கட்டித் தங்குவார்கள். அந்தச் சுவர்களின் அடித்தளம் புல்லுக்குள் மேடு மேடாகத் தெரிகிறது. அரசன் இல்லை. படை இல்லை. எழுதிய சட்டப் புத்தகமும் இல்லை.

சட்டம் இருந்தது ஒருவருடைய ஞாபகத்தில். லெக்செகுமாதுர், சட்டம் சொல்லும் ஆள். மூன்று வருடத்துக்கு அவரைத் தெரிவு செய்வார்கள். சட்டப் பாறையில் நின்று வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்காக முழுச் சட்டத்தையும் வாயால் சொல்லி முடிக்க வேண்டும். எதையாவது விட்டுவிட்டு, ஒருவரும் எதிர்த்துச் சொல்லாவிட்டால் அந்த விதி செத்துப்போகும். 1117-18 குளிர்காலத்தில்தான் முதன்முதலில் சட்டத்தை எழுதத் தொடங்கினார்கள். அதற்கு முன் இருநூறு வருடம் சட்டம் மூச்சிலேயே நின்றது.

இதைத்தான் நான் பார்க்க வந்தேன். என் தொழிலும் மூச்சுத் தொழில். நீதிமன்றத்தில் நான் சொல்வது காற்றில் போய்விடும், எழுத்தில் நிற்பது நோர்வேஜியம் மட்டும். ஒரு தாய் தன் வாயால் சொன்னதை நான் ஒரு சொல் விட்டுச் சொன்னால் அந்தச் சொல் அந்த மன்றில் இல்லாமலே போய்விடும். சட்டப் பாறையில் நின்ற அந்த மனிதருக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பாறை எது என்பதில் இரண்டு கருத்து இருக்கிறது. கொடிக்கம்பம் நிற்கிற மேட்டுச் சரிவு என்று சிலர், பிளவுக்குள் உயர்ந்த சுவரை ஒட்டிய இடம் என்று சிலர். இரண்டு இடத்திலும் சோதித்துப் பார்த்தோம். நான் கீழே ஆற்றோரம் போய் நின்றேன், மகள் மேலே நின்று பேசினாள். காற்று ஏரிப் பக்கமிருந்து வீசியது. கொடிக்கம்பத்தடியில் அவள் சொன்னது பாதிதான் கேட்டது. பிளவுக்குள் சுவரைப் பார்த்து நின்று சொன்னபோது குரல் சுவரில் பட்டுத் திரும்பித் தெளிவாக வந்தது.

"அப்பா, கேக்குதோ?"

"கேக்குது பிள்ளை, ஒவ்வொரு சொல்லும்."

1000-ஆம் ஆண்டளவில் இங்கே நாடு இரண்டாகப் போக இருந்தது. பாதிப் பேர் கிறிஸ்தவர், பாதிப் பேர் பழைய தெய்வக்காரர், ஒருவர் சட்டத்தை மற்றவர் ஏற்கோம் என்று பிரிந்தார்கள். தீர்ப்பை தோர்கெய்ர் என்ற சட்டம் சொல்லியிடம் விட்டார்கள். அவரே பழைய தெய்வக்காரர். தன் குடிசைக்குள் போய்ப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் ஒரு சொல் பேசாமல் படுத்திருந்தார். எழும்பி வந்து, எல்லாருக்கும் ஒரே சட்டம், ஒரே சமயம் இருக்கட்டும், சட்டத்தைக் கிழித்தால் அமைதியையும் கிழித்துவிடுவோம் என்றார். எல்லாரும் ஞானஸ்நானம் பெறுவது என்று முடிவாயிற்று. அறிஞர் அரி எழுதிவைத்த கதை இது. தன் தெய்வத்தை விட்டுக்கொடுத்துக் கூட்டத்தைக் காப்பாற்றிய அந்த ஒரு பகல் ஓர் இரவை நினைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். உடைந்து போன ஓர் இடத்திலிருந்து வந்தவன் நான்.

எல்லாம் நல்லதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். தீர்ப்புச் சொல்லக் கூட்டம் இருந்தது, நிறைவேற்ற ஆள் இல்லை. வென்றவனே போய் நிறைவேற்ற வேண்டும், பலமில்லாதவனுக்குத் தீர்ப்பு வெறும் பேச்சு. 1262-64-இல் தீவு நோர்வே அரசனுக்குக் கீழே போனது. ஆற்றில் ஆழமான ஒரு மடு இருக்கிறது, திரெக்கிங்கார்ஹூலுர். பிற்காலத்தில் ஒழுக்கம் தவறினார்கள் என்று பெண்களைச் சாக்கில் கட்டி அதற்குள் அமிழ்த்திக் கொன்றார்கள். 18 பேர். பெயர்கள் பக்கத்தில் எழுதியிருக்கின்றன. மகள் அந்தப் பலகையை முழுவதும் வாசித்தாள், ஒவ்வொரு பெயரையும் மெல்லச் சொல்லி. அவள் முடிக்கும்வரை நான் பாலத்தில் காத்து நின்றேன்.

1798-இல் இங்கே கடைசியாகக் கூடினார்கள், 1800-இல் அல்திங்கியையே கலைத்தார்கள். 1845-இல் ரெய்க்யாவிக்கில் திரும்பத் தொடங்கியது. 1944 ஜூன் 17 அன்று குடியரசு என்று அறிவிக்கச் சனம் இந்த வெளிக்கு வந்தது, கொட்டுகிற மழையில்.

திரும்பும்போது காரில் மகள் கேட்டாள்: "அப்ப டிங்ஹூஸுக்குத் தமிழில என்ன சொல்லுவீங்கள்?" மன்று என்றேன். எங்கள் ஊர்ப் பத்திரிகைகள் இன்றும் 'மன்றில் முன்னிலைப்படுத்தினர்' என்றுதான் எழுதுகின்றன. பழைய பாட்டுகளில் மன்றம் என்பது ஊர் நடுவில் மரத்தடியில் சனம் கூடுகிற வெளி. அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

இரவு அம்மா அழைத்தா. என்ன சங்கதி என்றா. சங்கதி எல்லாவற்றையும் சொன்னேன்: கப்பல், சிங்கம், கல், சட்டம் சொல்லி, போர்வைக்குள் படுத்தவர். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தா. அப்பா போய்ப் பதினாறு வருடம்.

"அந்தக் கல்லில அழுத மனிசி, அவ பிறகு என்ன செய்தாவாம், தம்பி?"

"கல்லில அதுக்கு மேல ஒண்டும் எழுதேல்லை, அம்மா."